படலையடியில் சூலு பாஷை

“உனக்கேனடி உந்த விடுப்புக் கேள்வியெல்லாம்? யப்பான்காரன் என்னெண்டு கும்பிடு போடுறான், சூலுக்காரன் என்னெண்டு சுகம் கேக்கிறான் எண்டு தெரிஞ்சால் அடுப்பில கிடக்கிற சோறு தானாய் வடிஞ்சிடுமோ?”

பேத்தியை இப்படி ஏசிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட கிழவிக்கு இரண்டு தேசத்துப் பாஷை எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

எல்லாம் சித்தப்பா செய்த வேலை. அவர் கப்பலில் சமையல்காரர். அப்போது நான் சின்னப் பிள்ளை. நாங்கள் விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறியிருந்த காலம் அது. லீவில் வந்தால் எங்களோடு வயலில் இறங்குவார். வரம்பில் நின்றபடி, சூலு ஆட்கள் இருக்கும் டர்பன் துறைமுகத்தின் கதையையும் யப்பான் கதையையும் அவிழ்த்து விடுவார்.

சூலு ஆட்கள் ஒருவரையொருவர் கண்டால் ‘ஸவுபோனா’ என்பார்களாம். உன்னைக் கண்டோம் என்று பொருள். மறுமொழி ‘யேபோ’. அது எங்கள் ‘ஓம்’. யப்பான்காரர் காண்பதோடு விடமாட்டார்கள், குனிவார்கள். மற்றவர் இன்னும் நிமிரவில்லை என்றால் திரும்பவும் குனிவார்கள். ஒருநாள் முற்றத்தில் சித்தப்பா குனிந்து காட்ட, அடுப்படிக் குசினிக்குள் இருந்து சித்தியின் குரல் வந்தது.

“உவையில நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. குனிஞ்ச கையோட வயலில அரிவு வெட்டி முடிச்சிடலாம்.”

ஆனால் ஒரு விஷயத்தில் யப்பான்காரர் எங்கள் ஆட்கள்தான் என்பார் சித்தப்பா. வீட்டை விட்டுக் கிளம்பும்போது வெறுமனே ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டார்களாம். ‘இத்தேகிமாசு’, போய்விட்டு வருகிறேன். வீட்டில் நிற்பவர் ‘இத்தேராஷ்ஷாய்’ என்று சொல்லவேண்டும், போய்விட்டு வாருங்கள். சூலுவில் அப்படி இல்லை. போகிறவர் ‘சாலா காஷ்லே’ என்பார், சுகமாக இரு. நிற்பவர் ‘ஹம்பா காஷ்லே’ என்பார், சுகமாகப் போ. அவ்வளவுதான்.

வாய்க்காலில் குளிக்கப் போனாலும் சித்தப்பா எனக்கு ‘இத்தேகிமாசு’ சொல்லிவிட்டுத்தான் போவார். சித்தி எங்கள் கூத்தைப் பார்த்துச் சிரிப்பார், சேரமாட்டார். ஆனால் சித்தப்பா கப்பலுக்குத் திரும்புவதற்கு முதல்நாள், சித்தி அரிசி களைந்தபடி மெல்லக் கேட்டார்.

“பிள்ளை, யப்பான் பாஷையில வீட்டில நிக்கிற ஆள் சொல்லுறது என்னடி? இத்தே...?”

நான் சொல்லிக் கொடுக்க, நாக்கு நோகப் பாடமாக்கினார்.

“சித்தப்பாட்டைச் சொல்லிப் போடாதை, என்ன!”

விடிந்ததும் சித்தி வாசல் படலையடியில் போய் நின்றார். சொல் அவர் வாய்க்குள் காத்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். சித்தப்பா பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். சித்தியின் முகத்தைப் பார்க்காமல் என் தலையைத் தடவி, “சாலா காஷ்லே” என்றார்.

எனக்கா மறுமொழி தெரியாது! “ஹம்பா காஷ்லே!” என்று ஊர் கேட்கக் கத்தினேன். சித்தியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

சித்தப்பா பிறகு வரவேயில்லை. டர்பனில் அவருக்கு வேறொரு குடும்பம் இருந்ததாம். பல வருஷம் கழித்து ஒரு கப்பல்காரர் வந்து சொன்னார். அன்று படலையடியில் நின்ற எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சைக்கிள் மறைந்ததும் அயல் பெண்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

“என்ன பிள்ளை, சித்தப்பா எப்ப வாறனெண்டவர்?”

சித்தி எனக்குப் பின்னால் படலைத் தடியைப் பிடித்தபடி நின்றார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பெரிய வாத்தியார் போல அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன்.

“வாறனெண்டு சொல்லேல்லை. அது யப்பான் பாஷையிலதான் சொல்லுறது. இண்டைக்கு அவர் சூலுவில எல்லோ சொன்னவர்! அதில திரும்பி வாறதெண்டு ஒண்டும் இல்லை. நாங்கள் சுகமா இருந்தால் போதுமாம்.”