மூடிய ஃபேக்டரியின் சங்கு

ஏலப்பாறைப் பக்கம் வெள்ளைக்காரன் தேயிலை ஃபேக்டரி கட்டினான். அதன் சங்குச் சத்தம் எட்டிய தூரம்வரை எங்கள் பஜார் வளர்ந்தது. டீக்கடை திறப்பதும் முதல் பஸ் கிளம்புவதும் அந்தச் சங்குக்குத்தான். யூனியன்காரரான அப்பா அதை "அடிமைச் சங்கு" என்று மேடை போட்டுத் திட்டுவார்.

ஃபேக்டரியை மூடியதும் சங்கும் நின்றது. யார் எப்போது எழுவதென்று ஊருக்கே குழப்பம். கடைசியில் அப்பாதான் வாட்ச்மேனிடம் கெஞ்சி, காலையில் மட்டும் ஊத வைத்தார். இப்போது இல்லாத வேலைக்கு நாங்கள் எல்லோரும் நேரத்தோடு எழுந்துகொள்கிறோம்.

நேற்று சங்கு ஐந்து நிமிடம் பிந்திவிட்டது. அப்பா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நேரே ஃபேக்டரி கேட்டுக்குப் போய் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளக்காரன் இருந்தா இப்பிடி லேட்டா ஊதுவீராவே?"