வெர்னா தைத்த டயப்பர்

பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் எங்கள் கார் பந்தயத்துக்கு வந்து, இன்ஜினுக்கு அடியில் கட்டும் துணிக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். டயப்பர் என்பார்கள். மற்ற ஊர்களில் அப்படிப் பெயர் வைத்தது யாரோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அதற்குக் காரணம் வெர்னா டட்டில். இதில் யாராவது குறுக்கே பேசினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

பருத்தி வண்டிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது வெர்னாவின் தொழில். அவள் தம்பி லைல் கார் ஓட்டுவான். நான் ஸ்பானர் பிடிப்பேன். எங்கள் இன்ஜினுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஓட்டத்தின் நடுவே எண்ணெயைக் கொட்டிவிடும். கொட்டிய அணிதான் மரத்தூள் தூவிப் பாதையைக் கூட்ட வேண்டும். மொத்தக் கூட்டமும் ஊளையிடும். அந்த வருடம் எங்கள் கையைவிட்டுத் துடைப்பம் இறங்கவே இல்லை. கடைசியில் பந்தய மேலாளர் ஆர்வில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு சொட்டு விழுந்துச்சு, இந்தப் பக்கம் உங்க தலையே தெரியக் கூடாது."

லைல் இடிந்துபோனான். வெர்னா தார்ப்பாயை இரண்டாக மடித்து, உள்ளே கம்பளி வைத்துத் தைத்து, இன்ஜினுக்கு அடியில் தூளி மாதிரி வார் போட்டு இறுக்கினாள்.

மறு ஞாயிறு, எங்களுக்கு எதிராக ஓட வேண்டிய டுவேன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏம்மா வெர்னா, புள்ளைக்கு டயப்பரா? பவுடர் போட்டியா?"

"போட்டாச்சு. நீ தள்ளி நில்லு, கண்ணு பட்டுடப் போகுது."

பாதி தூரம்கூடப் போகவில்லை, எங்கள் இன்ஜின் வெடித்தது. ஒரே புகை. டுவேன் ஜெயித்தான், அதை யார் பார்த்தார்கள்? ஆர்வில் வெள்ளைக் கைக்குட்டையோடு பாதையில் இறங்கிக் குனிந்து குனிந்து துடைத்தார். அவர் கைக்குட்டையை உயர்த்திக் காட்டினார். தூசி மட்டும்தான். எண்ணெய் முழுவதும் துணிக்குள் தேங்கிக் கிடந்தது. ஊளையிட்ட கூட்டமே எழுந்து நின்று கை தட்டியது.

இறுதி ஓட்டத்தில் டுவேனின் இன்ஜின் ஒழுகியது. பாதையைக் கூட்டி முடித்து, உடம்பெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றான்.

"வெர்னா, அந்தத் துணி... எனக்கும் ஒண்ணு..."

"எந்தத் துணி?"

சுற்றுமுற்றும் பார்த்தான். "டயப்பர்," என்றான், வாய்க்குள்ளேயே.

வெர்னா அறிவிப்பாளரின் மைக்கைக் காட்டினாள்.

"அங்க போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னான்.