நூற்றைந்தாகிப்போன ஒரு லட்சம்

1. இரண்டு விரலுக்கும் நகராத பாடம்

அன்று காலை பத்து மணிக்குள் பதினான்கு போன். புகார் ஒன்றுதான்: கைபேசியில் பாடத்தின் கடைசி வரிகள் தெரியவில்லை.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் எங்கள் அலுவலகம். படிகள் இருபத்திரண்டு, ஆட்கள் நான்கு. பால் சங்கப் பரிசோதகர் வேலைக்குப் படிப்பவர்களுக்கான ஆன்லைன் மென்பொருளைப் பராமரித்தோம். பாடங்களை ஐஃபிரேமில், அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாகக் காட்டிவந்தோம். கணினியில் தொல்லை இல்லை. கைபேசியில் ஒரு விரலால் தள்ளினாலும் இரண்டு விரலால் தள்ளினாலும் வெளிப்பக்கம் நகரும், உள்பக்கம் நிற்கும்.

உரிமையாளர் கஜேந்திரன் சொன்னார்: "பெரியவரே, ஃபிரேமே வாணாம். பாடத்த நேரா பக்கத்துல கொட்டிடுங்க."

"அப்படியே கொட்டக் கூடாது சார். எங்கெங்கிருந்தோ எடுத்து ஒட்டுன பாடம். உள்ள தானா ஓடற ஸ்கிரிப்ட் இன்னா கீதோ. ஃபிரேம்ல அடைஞ்சு கெடக்குது. வெளிய வுட்டா படிக்கிறவங்க லாகினையே தூக்கிக்கினு பூடும்."

"அப்ப களுவிட்டுக் கொட்டுங்க."

கழுவும் நிரலுக்கு சானிடைசர் என்று பெயர். அனுமதிக்கும் டேக்குகளின், அதாவது எழுத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் குறிகளின், பட்டியலை நாம் கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்டை அது முழுதாக நீக்கும். பட்டியலில் இல்லாத மற்ற டேக்குகளை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் விடும். பட்டியல் சிறிதானால் ஆபத்தும் குறைவு என்று பதினொரு டேக்குகளே கொடுத்தேன். பாடங்கள் அறுபத்தொன்று. கழுவும் முன்னும் பின்னும் ஒவ்வொன்றிலும் எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அப்படியும் மனம் கேளாமல் மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் வெளியிட்டேன்.

2. திருமுக்கூடல் கோமதி

நான்காம் நாள் கோமதி என்பவர் திருமுக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்தார். இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர். அவர் ஊர்ச் சங்கத்தில் பரிசோதகர் இடம் ஒன்று காலி. மறுநாள் இறுதித் தேர்வில் தேறினால் அது அவருக்கு. மாதிரித் தேர்வில் தேறினால்தான் இறுதித் தேர்வு திறக்கும். அதற்கு மூன்று வாய்ப்பு. இரண்டு போய்விட்டது.

"ஒரு மில்லி பால்ல நூத்தியஞ்சு கிருமிக்கு மேல இருந்தா திருப்பி அனுப்பணும்னு பாடத்துல கீது சார். அதையே எழுதறன், தப்புன்னுது."

"சரியாப் படிம்மா. ஓர் எழுத்துகூட மாறல. எண்ணிப் பாத்திருக்கேன்."

"எண்ணுனீங்க சார். படிச்சீங்களா?"

கஜேந்திரன் சிரித்துவிட்டார். கோமதி விடவில்லை. "நூத்தியஞ்சுக்கே திருப்பி அனுப்பினா எங்க ஊர்ல ஒரு சொட்டுப் பால் சங்கத்துக்குப் போவாது சார். நான் பால் கறக்கறவ, எனக்குத் தெரியாதா?"

மூலக் கோப்பைத் திறந்தேன். 10, அதன் தலைமேல் சின்னதாக 5. பத்தின் ஐந்தாம் அடுக்கு, ஒரு லட்சம். எண்ணை மேலே தூக்கிக் காட்டும் டேக் என் பதினொன்றில் இல்லை. அது போனதும் 5 கீழே இறங்கிப் பத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. முன்பும் மூன்று எழுத்து, பின்பும் மூன்று எழுத்து.

எழுத்தை மேலேற்றும் டேக், கீழிறக்கும் டேக் இரண்டையும் சேர்த்து மூலத்திலிருந்து மறுபடி கழுவினேன். கோமதி எதிரே உட்கார்ந்து தன் போனில் பாடம் பாடமாக வாசித்தார். நான் மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன். இருபத்தேழு இடங்கள் திருந்தியிருந்தன.

"ஒங்க தப்புக்கு என் சான்ஸ் போவக் கூடாது சார்," என்றார். இரண்டு வாய்ப்பையும் திருப்பிப் போட்டேன். அங்கேயே மாதிரித் தேர்வு எழுதித் தேறி, நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தார். மறுநாள் மாலை போன் வந்தது: "வேலை எனுக்குத்தான் சார்."

இப்போது எதை வெளியிடுமுன்னும், அதைப் படிக்கப்போகிறவர் ஒருவரிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். அவர் முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. டேக்குகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். வாய் திறக்காமல் கேட்பதற்குத்தான் எனக்கு நாள் பிடித்தது.