எதிரெதிரே வைத்த இரண்டு போன்கள்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே என் இறால் லாரி நின்றது. கேட் பாஸ் தரும் அலுவலகத்தில் சர்வர் படுத்துவிட்டது. லாரியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்குள்ளே ஒல்லியான ஒரு இன்ஜினியர், காதுக்கொரு போனோடு, உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார்.

"முன்னால இந்த ரூம் நெறைய பெட்டி இருந்துச்சே, எல்லாமா படுத்துட்டு?" என்றேன்.

"எட்டு சர்வரையும் ஒரே மெஷினுக்குள்ள வச்சாச்சு அண்ணாச்சி. அது படுத்தா எட்டும் படுத்துரும். மெஷின் வித்தவன் சாப்ட்வேர்ல கோளாறுங்கான். சாப்ட்வேர்காரன் மெஷின்லங்கான். ரெண்டு கம்பெனியும் கூட்டாளிங்கதான். நடுவுல கெடந்து நான் சாவுதேன்."

சட்டென்று இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் எதிரெதிரே சாய்த்து வைத்தார். "இனி நீங்களே பேசிக்கிடுங்க சார். வெளிய இறால் நாறப்போவுது."

இரண்டு போனும் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தன. கால் மணி நேரத்தில், இருவரும் கவனிக்காமல் விட்ட ஓர் அப்டேட் அகப்பட்டது. அதைப் போட்டதும் திரை உயிர்பெற்றது. இரு கம்பெனிக்காரர்களும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு போனை வைத்தார்கள்.

"நம்மள ஒருத்தனும் ஒரு வார்த்த கேக்கலியே, பாத்தீயளா?" என்று இன்ஜினியர் சிரித்தபடி, அச்சாகி வந்த என் பாஸை நீட்டினார்.

நான் அதைப் பிடுங்கிக்கொண்டு லாரிக்கு ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது, நானும் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.