பிள்ளையார் பாட்டுக்குள் ஏறிய குரல்

கொடைக்கானலில் கண்ணாடிக் கதவு போட்டு முதன்முதலில் கேசட்டுக் கடை திறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், எட்டுக் குழாய் ஒலிபெருக்கிக்குச் சொந்தக்காரன் ஆனேன். மூக்கையாவுக்கு வாழ்வு கொடுத்தவனும் நான்தான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவன் அவன். போக்கிடமில்லாமல் நின்றவனுக்கும் அவன் மனைவி வீரம்மாவுக்கும் கடையின் பின்னறையைக் கொடுத்தேன். பாட்டுப் பதிகிற வேலையும் கொடுத்தேன். இரண்டு டேப்பை இணைக்கும் வயர் அப்போது என்னிடம் கிடையாது. ஒன்றில் பாட்டை ஓடவிட்டு, எதிரே இன்னொன்றை வைத்துப் பதிவோம். பேசினால் பேச்சும் சேர்ந்து பதிந்துவிடும். தும்மல் வந்தால்கூட மூக்கையா வெளியே ஓடுவான்.

எண்பத்திரண்டில் ஒரே ஒரு நாள் தவறினான். வட்டக்கானல் திருவிழாவுக்காகத் தேய்ந்த பிள்ளையார் பாட்டைப் புதுக் கேசட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். குழாய் கட்டுகிற அழகையா வந்து பேச்சுக் கொடுத்திருக்கிறான்.

திருவிழாவில் எனக்கு மாலை போட்டு முன்னால் உட்காரவைத்தார்கள். பாட்டு கிளம்பியது. நடுவில், எட்டுக் குழாயிலும் மூக்கையா குரல்:

"மொதலாளி இங்கிலீஷ் பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, ஒரு எழுத்துத் தெரியாது. படந்தான் பாக்குறாரு. வெள்ளைக்காரன் என்ன கேட்டாலும் 'நோ பேட்டரி'தான்!"

"வழி கேட்டாலுமா?" இது அழகையா.

"வழி கேட்டாலும் நோ பேட்டரிதான்!"

சனம் கொல்லென்று சிரித்தது. அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கு மாலைக்குள் முகத்தைப் புதைக்கலாம் போலிருந்தது. நிறுத்தப் பாய்ந்த மூக்கையா, திருகை மாற்றித் திருப்பிச் சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

அன்றைக்கே பெட்டியைக் கட்டினான்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டேங்க. எந்த மூஞ்சியோட இங்க இருக்கிறது?"

"ஏலே, பெட்டியை வையி. ஒன்னைய மாதிரிப் பதிய இந்த மலையில ஆளு இல்ல. வெரசாப் போயிக் கடையைத் தொற."

இருந்தான். இங்கிலீஷ் பேப்பர் வாங்குவதை நானும் விட்டேன். ஆனால் அவன் தலை நிமிரவேயில்லை.

அடுத்த வருஷம் மதுரைக்குப் போய் வயர் வாங்கி வந்து மாட்டினேன்.

"இனிமே நம்ம பேச்சு உள்ள ஏறாதுடா. வாயைத் தொறந்து பேசு."

அவன் ஒரு பாட்டைப் பதிய விட்டான். பாட்டு முழுக்க ஓடி, டேப்பின் பொத்தான் டக்கென்று மேலே எழும்பிய பிறகுதான் வாய் திறந்தான்.

"சரிங்க மொதலாளி."

அதையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.