ஒரே நாட்டை இரண்டு பேர் ஆள

நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாடு பிடிக்கிறாள் என்றால் திருச்சி பாலக்கரையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசினார்கள். என் நாத்தனார் என் வீட்டுக்கே வந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே பேசினாள்.

"இந்த வயசுல இதென்ன சின்னப்புள்ளத்தனம்?"

"உங்க அண்ணனும்தான் விளையாடறாரு. அவர்ட்ட கேளுங்களேன்" என்றேன். மீதி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன், என் வீட்டுக்காரர், பதினாறு வருஷமாக வளைகுடாவில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். தினமும் வீடியோ போன் உண்டு. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன், நீங்க?" "ஆச்சு. மழை பெஞ்சுச்சா?" "இல்ல." அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போன் அடித்தாலே எனக்குச் சலிப்பாக இருந்தது.

போன லீவில்தான் பழைய லேப்டாப்பில் இந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தார். சில நூறு வருஷங்களுக்கு முந்தைய உலகப்படம். ஆளுக்கொரு நாட்டை எடுத்து வரி போட்டு, படை திரட்டி, கப்பல் விட்டு ஆள வேண்டும். நான் திருச்சியை எடுத்தேன், கிழக்கே கடல் வரைக்கும் அதில் சேர்த்தி. அவர் வளைகுடாக் கரையில் ஒரு துண்டு நாட்டை எடுத்தார். "எங்க பொழைக்கிறேனோ அதையாவது ஆண்டு பாக்கறேன்" என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை, அவர் ஜும்மா தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டதும் ஆட்டம். ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஜாக்கெட் தைக்கிற சின்னக் கடை. வெள்ளிக்கிழமைதான் கூட்டம் வரும் நாள். மத்தியானத்தோடு பூட்டினேன். ஒரு மாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பெருமாளைச் சேவிச்சுட்டு அப்படியே ரவிக்கையை வாங்கிண்டு போலாம்னு வந்தா, கடையைப் பூட்டறேளே?" முக்கியமான ஜோலி மாமி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பொய் இல்லையே.

"என் கப்பலுக்கு எதுக்கு இவ்ளோ சுங்கம் போட்டே?"

"உங்க பேரீச்சம்பழத்தை இங்க யாரு கேட்டா?"

இப்படி நாங்கள் சண்டை போட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

ஒரே ஒரு குறை. அந்த ஆட்டத்தில் இரண்டு பேர் என்றால் இரண்டு நாடு. நட்பு ஒப்பந்தம் போடலாம், ஆனால் கொஞ்ச காலத்தில் அது தானாகக் காலாவதியாகும். ஒரு வெள்ளிக்கிழமை அதைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன். என் கப்பல் அவர் துறைமுகத்து வாசலில் நிற்கிறது, உள்ளே விடவில்லை. அவர் திரையில் என் கொடிக்குப் பக்கத்தில் சிவப்பாக 'எதிரி' என்று வந்ததாம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை இருக்கு என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆட்டத்தைத் தயாரிக்கிறவர்கள், புது விதிகளும் புது நாடுகளும் சேர்த்து விரிவாக்கம் ஒன்று கொண்டுவருவதாக அறிவித்து, உங்கள் எதிர்பார்ப்பை எழுதுங்கள் என்றார்கள். இதே ஆட்டத்தை ஆடுகிற தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குரூப்பில் பட்டியல் போட்டார்கள். யானைப்படைக்குக் கூடுதல் பலம், பெரிய பீரங்கி, நம்ம ராஜாவுக்குத் தோல்வியே வரக்கூடாது. நான் ஒரே வரி எழுதினேன். ஒரே நாட்டை இரண்டு பேர் சேர்ந்து ஆள வழி வேண்டும்.

"அக்கா, இது நாடு பிடிக்கிற ஆட்டம். குடித்தனம் நடத்துற ஆட்டம் இல்ல" என்று ஒருவன் எழுதினான். அதற்கு நூறு சிரிப்புப் பொம்மைகள்.

"குடித்தனம் நடத்திப் பாருங்க தம்பி, நாடு பிடிக்கிறது எவ்வளவு சுலபம்னு தெரியும்" என்று எழுதினேன். பட்டியலில் என் வரியைச் சேர்க்கவில்லை. சரி போங்கடா என்று தயாரிப்பாளர்களின் பக்கத்துக்கே போய், தெரிந்த இங்கிலீஷில் நானே எழுதினேன். வாராவாரம் எழுதினேன். ஸ்பேம், வேண்டாத குப்பை என்றார்கள். மறுபடியும் எழுதினேன்.

விரிவாக்கம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. புது விதிகளில் நாலாவது, இரண்டு பேர் ஒரே நாட்டை ஆளலாம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். குரூப்பில் "பாத்தீங்களா தம்பிகளா?" என்று போட்டேன். பிறகுதான் கீழே இருந்த நிபந்தனையைப் படித்தேன். இருவரின் நாடுகளும் எல்லை ஒட்டியிருக்க வேண்டுமாம். எங்களுக்கு நடுவில் ஒரு கடலே கிடந்தது.

மத்தியானம் அவரிடம் சொன்னேன். "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? நான் அதை விட்டுட்டு உன் பக்கம் வந்துடறேன்" என்றார். ஆட்டத்தில் அப்படி ஒரு வசதி உண்டு. இருக்கிற நாட்டைக் கைவிட்டு, காலியாகக் கிடக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளலாம். கொள்ளிடத்துக்கு வடக்கே, என் எல்லையை ஒட்டி, துறையூர் காலியாக இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினார். வளைகுடாக் கரையில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய நாடு சாம்பல் நிறமாயிற்று. துறையூரில் அவர் கொடி ஏறியது. இரண்டு நிமிஷக் கெடுவோடு என் திரையில் கேள்வி வந்தது. இவரோடு சேர்ந்து ஆளச் சம்மதமா? ஆம். இல்லை.

"அமுக்கு" என்றார்.

எனக்குக் கை வரவில்லை. இந்தக் காண்ட்ராக்ட் முடியட்டும், இந்தக் காண்ட்ராக்ட் முடியட்டும் என்று பதினாறு வருஷம். எப்ப ஊருக்கே வந்துடுவீங்க என்று, மனசு நோகுமே என்று ஒரு நாள்கூட அவரிடம் நேராகக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அந்த நாட்டை விட்டுட்டு வர உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஆட்டம்தானே அது?"

"ஆட்டம்தான். என் மூஞ்சியே தெரியாதவங்க, எங்கயோ உக்காந்துக்கிட்டு, நான் கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டாங்க. நீங்க எப்பச் செய்யப்போறீங்க?"

"இன்ஷா அல்லாஹ், இந்தக் காண்ட்ராக்ட்..." என்று ஆரம்பித்தார்.

"அல்லாஹ் நாடினா நடக்கும், அது எனக்குத் தெரியும். நீங்க நாடுறீங்களா, அதைச் சொல்லுங்க."

"முதல்ல அதை அமுக்கும்மா, நேரம் முடியப்போகுது."

"முதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன்.