பளபளத்த தோசைக்கல்

கொல்கத்தாவின் பெஹாலாவில் இருக்கும் எங்கள் சிறிய கடையைத் துர்கா பூஜை நாட்களில் மூடிவிடுவோம். தெருவே பந்தலாகிவிடும், தோசை கேட்டு யாரும் வர மாட்டார்கள். சென்ற வருடம் கடை மூடும் நேரத்தில், பந்தலை வடிவமைத்த ஓவியர் வந்து என் இரும்பு தோசைக்கல்லைக் கேட்டார்.

"தாதா, இந்தக் கறுப்ப எந்தப் பெயிண்ட்லயும் கொண்டுவர முடியாது. பூஜை முடியிற வரைக்கும் குடுங்க."

தாதா என்று, அண்ணனாகக் கூப்பிட்டுக் கேட்பவரை எனக்கு முகத்துக்கு நேரே மறுக்க வராது. கொடுத்துவிட்டேன்.

அஷ்டமியன்று மனைவியோடு வரிசையில் நின்று பார்த்தேன். சமையலறைதான் பந்தலின் தீம். கரண்டிகளும் தட்டுகளும் சூழ, ஒற்றை விளக்கின் கீழ் என் கல் தொங்கியது. பதினெட்டு வருடம் தினமும் நான் குனிந்து நின்ற கல். ஓரத்தில் தேன் நிறம், நடுவே மழைக்கு முந்தைய வானம். அதில் இத்தனை இருந்ததை நான் கவனித்ததே இல்லை. கீழே ஏதோ எழுதியிருந்தது. எனக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினாள்: நன்றாக வாழ்வதே பெரிய கலை.

"கால் வலிக்குது, வாங்க" என்றாள் மனைவி. ஆனால் அவளும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பூஜை முடிந்ததும் ஓவியரே கல்லைச் சுமந்து வந்தார். மெஷின் வைத்து இழைத்திருந்தார். அதில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

"அழுக்கோட திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? புதுசாக்கிட்டேன். என்ன பௌதி, சந்தோஷமா?" என்று மனைவியை அண்ணி முறை வைத்துக் கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தக் கறுப்பு அவருக்கு நிறம், வேலை முடிந்ததும் அழுக்கு. எங்களுக்கோ, தோசை ஒட்டாமல் எழுந்து வருவதே அதனால்தான். சொல்ல வாயெடுத்தேன். "ரொம்ப நல்லாருக்கு" என்றுதான் வந்தது.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "கல்லு பழகிரும். நீங்க எப்பப் பேசப் பழகுவீங்க?"

மறுநாள் முதல் தோசையே பிடித்துக்கொண்டது. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தேன். அடுத்ததும் கிழிந்தது. வழக்கமாக வரும் ஒருவர் சிரித்தார்: "என்ன தாதா, நாலு நாள்ல கை மறந்துபோச்சா?" அவர் இட்லி சாப்பிட்டுப் போனார். மற்றவர்கள் எழுந்தே போனார்கள்.

வார இறுதியில் ஓவியர் வந்து தோசை கேட்டார். நான் கல்லில் எண்ணெய் தேய்க்கத் திரும்பிக்கொண்டேன். மனைவிதான் அரைகுறை வங்காளத்தில் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது.

"பழையபடி ஆக எத்தனை நாளாகும்?"

"தெரியலை" என்றேன்.

கிழிந்த தோசையையே கேட்டு வாங்கி, குனிந்த தலை நிமிராமல் தின்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கல்லை எனக்குக் காட்டியவரும் அவர்தானே. அலுப்பாக மட்டும் இருந்தது. அடுத்த கரண்டி மாவை ஊற்றினேன். அதுவும் பிடித்துக்கொண்டது.